வீலில் 9 சென்டிமீட்டர் ஆட்டம்

எங்கள் ஜெட் படகின் ஸ்டியரிங் வீலின் மேல் விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டினேன். டேஷ்போர்டில் ஒரு கம்பித் துண்டை முள் மாதிரி நிறுத்தினேன். மச்சான் படகுக்குப் பின்னால் குனிந்து, தண்ணீரைப் பீய்ச்சும் நாசிலையே பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினேன். "அசஞ்சிருச்சு" என்றான். டேப்பில் ஒரு கோடு. பிறகு வலப்பக்கம் திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன். "என்ன மாமா, திருப்புறீங்களா இல்லையா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கடைசியில் "ஆ, இப்போ அசையுது" என்றதும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்தால் 9 சென்டிமீட்டர். அவ்வளவு தூரம் வீல் சும்மா சுற்றுகிறது, பின்னால் ஒன்றும் நடப்பதில்லை.

படகு 14 அடி. ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை நடுவில் வைத்து, பின்னால் ஜெட் பம்ப் வைத்த பழைய சாமான். நானும் மச்சானும் பாதிப் பாதி போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். நாங்கள் இருப்பது மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங். பெர்னாம் ஆற்றுக்கு இந்தக் கரை பேராக் மாநிலம், அந்தக் கரை சிலாங்கூர். கொஞ்சம் பெரிய சாமான் வேண்டுமென்றால் தெலுக் இந்தானுக்குத்தான் போக வேண்டும். ஊரைச் சுற்றிச் செம்பனை, கடல் பக்கம் போகப் போகத் தென்னை. நான் தோட்டத்து மில்லில் ஃபிட்டர். மச்சான் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊடாங் காலாவுக்கு, அதாவது பெரிய ஆற்று இறாலுக்கு, தூண்டிலோடு ஆற்றில் இறங்கிவிடுவோம். வேறு பெரிய செலவு எதுவும் எங்களுக்குக் கிடையாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஏன் ஜெட் என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். தண்ணீர் வற்றினால் கரையோரம் முழுக்கச் சேறு. நீப்பா என்கிற ஆற்றோரப் பனையின் மட்டை, அறுந்த வலை, தேங்காய் எல்லாம் மிதந்து வரும். சாதாரண எஞ்சின் என்றால் புரொப்பெல்லர் அடியில் தொங்கும், எதிலாவது அடிபடும். ஜெட்டில் அடியில் தொங்குவது எதுவும் இல்லை. இந்த வகைப் படகை உருப்படியாகச் செய்து காட்டியவர் நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்டன். 1950-களில், அவர் ஊரின் ஆழமில்லாத கல் ஆறுகளில் ஓட்டுவதற்காகத்தான் அதில் இறங்கினார். 1960-ல் இதே மாதிரிப் படகுகள் அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை எதிர்த்து கிராண்ட் கேன்யன் வழியாக மேலே ஏறின. நாங்கள் ஏறுவது இறால் இருக்கும் வளைவு வரைக்கும்தான். வலைத்துண்டை பம்ப் உறிஞ்சிக்கொண்டால் படும் பாடு வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆட்டம் இருப்பது வாங்கும்போதே தெரியும். பழைய படகு, கொஞ்சம் லூஸ் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். போன மாதம் மீன்படகுகள் கட்டும் படகுத்துறைப் பக்கம் மெதுவாக வந்துகொண்டிருந்தபோது நீரோட்டம் முன்மூக்கைத் தள்ளியது. மச்சான் வீலைத் திருப்பினான், படகு கேட்கவில்லை. இன்னும் திருப்பினான், ஒரேயடியாகக் கேட்டது. எதிர்ப்பக்கம் திருப்பினால் மறுபடியும் அந்த வெற்றுச் சுற்று. துறையின் மரக்காலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளிதான் மிஞ்சியது. நான் காலை நீட்டித் தள்ளிவிட்டேன். மேலே வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் அவமானமாகப் போய்விட்டது.

ஜெட் படகு புதிதாக வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாகப் போகும்போது ஜெட் படகு கொஞ்சம் அலையத்தான் செய்யும். அடியில் சுக்கான் இல்லை, புரொப்பெல்லர் கால் இல்லை. பின்னால் பீய்ச்சும் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதை வைத்துத்தான் படகு திரும்புகிறது. தண்ணீர் வேகம் குறைந்தால் பிடியும் குறையும். திராட்டிலை விட்டுவிட்டால் ஸ்டியரிங்கும் போச்சு. எதிரே எதையாவது பார்த்துப் பயந்து திராட்டிலை முழுக்க விடுகிறவர் நேராக அதிலேயே போய் முட்டுவது இதனால்தான். ஆகவே படகு அலைவதை வைத்து ஸ்டியரிங் கெட்டுப்போனதாகச் சொல்ல முடியாது. எஞ்சினை அணைத்து, படகை டிரெய்லரில் ஏற்றி, வீலுக்கும் நாசிலுக்கும் நடுவே எவ்வளவு வெற்று ஓட்டம் என்று அளந்தால்தான் எது இயல்பு, எது கோளாறு என்று பிரியும். நாங்கள் அளந்ததில் கோளாறுதான்.

ஸ்டியரிங்கின் பாதை இப்படி. வீலுக்குப் பின்னால் பல்சக்கரப் பெட்டி. அதிலிருந்து தடித்த கருப்பு உறைக்குள் ஓடும் கேபிள், பிரேக் வயர் மாதிரி இழுப்பதோடு நிற்காமல் தள்ளவும் செய்யும். அது படகின் ஓரமாகவே ஓடி, பின்பலகையைத் துளைத்து வெளியே வரும். வெளியே வந்ததும் உறையை ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கும். உள்ளிருந்து ஒரு ஸ்டெயின்லெஸ் தண்டு நீண்டு, நுனியில் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் நாசிலின் பக்கவாட்டுக் கையில் மாட்டியிருக்கும். நாசில் மேலே ஒரு பின், கீழே ஒரு பின் (ஆணி மாதிரித் தடி) என்று இரண்டு புஷ்களில் (பின் சுழலும் வளையங்களில்) நின்று இடமும் வலமும் ஆடும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் எனக்கு ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும். வீல் 14 அங்குலம், சுற்றளவு ஏறக்குறைய 112 சென்டிமீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒன்றரைச் சுற்று, அதாவது விளிம்பு 168 சென்டிமீட்டர் ஓடுகிறது. அந்த நேரத்தில் பின்னால் கேபிள் தண்டு ஓடுவது 8 சென்டிமீட்டர். 168-ஐ 8-ஆல் வகுத்தால் 21. பின்னால் 1 மில்லி ஆட்டம் என்றால் என் கையில் 21 மில்லி. என் 9 சென்டிமீட்டர் பின்னால் போனால் வெறும் நாலு மில்லிக்குக் கொஞ்சம் மேல். நாலு மில்லி என்பது பெரிய உடைசல் எதுவும் இல்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று சேர்ந்தாலே வந்துவிடும்.

ஆனால் நான் அன்றைக்குக் கணக்குப் போடவில்லை, வீலைத்தான் கழற்றினேன். ஆட்டம் கையில் தெரிகிறது, கை வீலில் இருக்கிறது, அப்படியானால் கோளாறும் வீலில்தான் என்று மூளை முடிவு கட்டிவிட்டது. நடு நட்டைக் கழற்றி, வீலை இழுத்து, சாவிக்கட்டையைப் பார்த்து, சுத்தம் செய்து மறுபடி இறுக்கினேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்து, பெட்டியின் நாலு போல்ட்டையும் இறுக்கினேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். டேப்பில் அதே 9 சென்டிமீட்டர்.

அப்புறம் துறைப்பக்கம் படகு ரிப்பேர் செய்யும் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், போனேன். அவர் வந்து வீலை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். "கேபில் சூடா ரோசாக். துக்கார் சஜா" என்றார். கேபிள் போய்விட்டது, மாற்றிவிடு, வேறு பேச்சே இல்லை. கேபிளும் கூலியும் சேர்ந்து 780 வெள்ளி (ரிங்கிட்). அவர் சொன்னதில் தப்பில்லை. உப்புத் தண்ணீரில் கிடக்கும் படகுகளில் கேபிள் போவது சகஜம்தான். ஆனால் 780 வெள்ளியை இறக்கிய பிறகும் ஆட்டம் போகாவிட்டால் வீட்டில் என்ன சொல்வது? ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

அந்த வாரம் மில்லில் ஒரு கன்வேயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. மில்லில் இதைத்தானே தினமும் செய்கிறோம்? எங்கே லூஸ் என்று கண்ணால் தேடுவதில்லையே, விரலால்தானே தேடுகிறோம்?

அதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், முழு வேலையும் அதில்தான் இருக்கிறது. ஒருவர் வீலில் உட்கார வேண்டும். எஞ்சின் சாவி கையில், நிறுத்தும் கயிறு கழற்றப்பட்டிருக்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம், பின்னால் இருப்பவரின் விரல்கள் நாசிலுக்குள் இருக்கும். உட்கார்ந்தவர் வீலை அந்த 9 சென்டிமீட்டருக்குள்ளேயே இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இருப்பவர் சேர்கிற இரண்டு பாகங்களின் மேல் ஒரே விரலைக் குறுக்கே வைக்க வேண்டும். பாதி விரல் இதன் மேல், பாதி விரல் அதன் மேல். இரண்டும் ஒன்றாக ஓடினால் விரல் சும்மா பயணம் செய்யும். நடுவில் ஆட்டம் இருந்தால் விரலின் தோல் இரண்டாக இழுபடுவது போலத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கால் மில்லிகூட விரலுக்குத் தெரிந்துவிடும். ஒரு நகக்கண் கிள்ளினால் எப்படி இருக்கும், அப்படி.

நாசில் பக்கமிருந்து தொடங்கினேன். பால் ஜாயின்ட்டுக்கும் நாசில் கைக்கும் நடுவில் விரல் வைத்ததுமே கிள்ளியது. அடுத்தது பின். மேல் பின்னில் லேசாக. கீழ்ப் பின்னில் விரலே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது, நாசில் முன்னும் பின்னும் நகர்ந்துவிட்டுத்தான் திரும்புகிறது. சரி, இரண்டு கள்ளர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று எழப் போனேன். எழும்போது கை ஊன்ற இடம் தேடியதில் கேபிள் உறையைப் பிடித்துவிட்டேன். அது என் உள்ளங்கையில் மூச்சு விட்டது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே. அசையவே கூடாத சாமான் அது.

கேபிள் உறையைப் பிடித்திருக்கிற கிளாம்ப்தான் காரணம். தள்ளி இழுக்கும் கேபிளில் உறை அசையாமல் நின்றால்தான் உள்ளே இருக்கும் தண்டு வேலை செய்யும். உறை 1 மில்லி நகர்ந்தால் அந்த 1 மில்லி அப்படியே தொலைந்தது. கிளாம்பைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். துளை 8 மில்லி. உள்ளே இருந்தது 6 மில்லி போல்ட். அதுவும் சாதாரண இரும்பு, நடுவில் துரு தின்று இடுப்பு ஒடுங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ, போல்ட் தொலைந்த அன்றைக்குக் கையில் கிடைத்ததைப் போட்டு இறுக்கியிருக்கிறார். இறுக்கம் இருந்தவரைக்கும் உராய்வில் நின்றிருக்கும். துரு வந்து இறுக்கம் தளர்ந்ததும் கிளாம்ப் துளைக்குள்ளேயே ஓடி விளையாட ஆரம்பித்திருக்கிறது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், உறை 1.5 மில்லி ஓடுகிறது. வீலில் 31 மில்லி. மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் ஒரே ஒரு தப்பான போல்ட்டில்.

316 வகை ஸ்டெயின்லெஸில் 8 மில்லி போல்ட், பெரிய வாஷர், நைலான் வளையம் உள்ள லாக் நட்டு. ஹார்ட்வேர் கடையில் நாலு வெள்ளிக்குள் முடிந்தது. போட்டு இறுக்கிவிட்டு டேப்பில் பார்த்தால் ஆட்டம் 6 சென்டிமீட்டருக்கு வந்திருந்தது. 780 வெள்ளி கேபிளைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். புதுக் கேபிளைப் போடுகிறவர் கிளாம்பையும் ஒழுங்காக மாட்டியிருப்பார், ஆட்டம் குறைந்திருக்கும், கேபிள்தான் காரணம் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்போம்.

பால் ஜாயின்ட் சுலபம். ஸ்டெயின்லெஸ் உருண்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணம் தேய்ந்திருந்தது. ஆட்டம் 0.8 மில்லி. புதுசு 45 வெள்ளி. இழை எந்த அளவு என்று தெரியாமல் வாங்கப் போகக்கூடாது, பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும். நான் ஒரு தடவை கொண்டுபோகாமல் போய்த் திரும்பி வந்தவன். இந்த ஜாயின்ட்டின் நட்டு கழன்றால் படகுக்கு ஸ்டியரிங்கே இல்லை, அதனால் இங்கேயும் புது லாக் நட்டு. ஒரு தடவை கழற்றிய நைலான் நட்டை மறுபடி நம்பக்கூடாது. பத்துக் காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

புஷ்தான் இரண்டு வாரத்தைச் சாப்பிட்டது.

மேல் பின் மரியாதையாக வந்துவிட்டது. கீழ்ப் பின் அசையவில்லை. ஸ்டெயின்லெஸ் பின், அலுமினிய நாசில், நடுவில் உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரிதான், அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாக மாறிப் பின்னைச் சுற்றிக் கெட்டியாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் சுத்தியலை எடுத்தான். வேண்டாம் என்றேன், அலுமினியக் காது ஒடிந்தால் நாசிலே புதுசு வாங்க வேண்டும். டார்ச்சால் சுடவும் எனக்குப் பயம், பக்கத்தில் பெட்ரோல் வாடை. கடைசியில் வீட்டுக்கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து நாசிலின் மேல் ஊற்றினேன். சூட்டில் அலுமினியம் ஸ்டெயின்லெஸைவிட அதிகமாக விரியும், அதனால் பின்னைச் சுற்றிய பிடி கொஞ்சம் தளரும். மூன்று கேத்தில் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் பித்தளைக் கம்பியை வைத்து அளவாக நாலு தட்டு. மூன்றாவது கேத்திலில் 'டிக்' என்றது. கேத்தில் எங்கே என்று உள்ளிருந்து சத்தம் வந்ததும் அதே நேரம்.

வெளியே வந்த புஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை முன்பின்னாக நீண்டு முட்டை வடிவம் ஆகிவிட்டது. சுவரில் ஆற்றுச் சேறும் பொடி மணலும் அப்பி, தேய்ப்புத்தாள் மாதிரி இருந்தது. ஆறு கலங்கின ஆறு, பின் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்தத் தாள் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேல் புஷ்ஷைவிடக் கீழ் புஷ் மோசம். இந்த நீளல் ஏன் முக்கியம் என்றால், கேபிள் நாசில் கையை முன்பின்னாகத்தான் இழுக்கிறது. புஷ்ஷிலும் முன்பின்னாக இடம் இருந்தால் நாசில் முதலில் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு, அப்புறம்தான் திரும்ப ஆரம்பிக்கும். கைநுனியில் கணக்கு 1 மில்லி, வீலில் 21. வேகமாகப் போகும்போது இது அவ்வளவாகத் தெரியாமல் இருந்ததற்கும் விடை கிடைத்தது. தண்ணீர் நாசிலைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்திருக்கும், இடைவெளி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மெதுவாக, நேராகப் போகும்போதுதான் அது வெளியே வந்து ஆடும்.

புது புஷ்ஷுக்குப் படகுக்கடையில் சொல்லி வைத்தால் ஆறு வாரம் என்றார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பின் வரிசையில் மில் லேத்தில் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைக் கடைசல் தாத்தா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சின்ன லேத் ஒன்று வைத்திருக்கிறார். பழைய புஷ்ஷைக் கொடுத்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன தம்பி, இதையா இவ்வளவு நாள் போட்டு ஓட்டினீங்க?" என்றார். என்னிடம் வெள்ளை நைலான் தடி ஒரு துண்டு இருந்தது. அதையே கொடுத்தேன். அவர் தடியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியிலயா நிக்கப் போகுது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ கொஞ்சம் இடம் விட்டுக் கடைவோம்" என்றார். நான்தான் வேண்டாம் தாத்தா, டைட்டா இருக்கட்டும், ஆட்டத்தைப் போக்கத்தானே செய்கிறோம் என்றேன். பின் 10 மில்லி, துளையை 10.05-க்குப் போட வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு, அன்றைக்கு அது எனக்கு ஏறவில்லை.

மாட்டினதும் அருமையாக இருந்தது. ஆட்டம் 2 சென்டிமீட்டர். படகைத் துறையில் கட்டிவிட்டு வந்தோம். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு தீபாவளி ஷாப்பிங் என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. திரும்பிப் போய் வீலைப் பிடித்தால் வீல் நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தால் முரட்டு மாடு மாதிரி மெல்ல வருகிறது. நைலான் தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டது. வெளிச்சுவரை நாசில் பிடித்திருக்கிறது, அதனால் உப்பலெல்லாம் உள்பக்கம் வந்து பின்னை நெரித்துவிட்டது. நைலான் நல்ல பொருள்தான், மில்லில் எத்தனையோ இடத்தில் போட்டிருக்கிறோம். எல்லாம் உலர்ந்த இடங்கள்.

மறுபடி தாத்தாவிடம். இந்தத் தடவை டெல்ரின் தடி வாங்கிக்கொண்டு போனேன். டெல்ரின் என்பது அசிட்டல் பிளாஸ்டிக். நைலானோடு ஒப்பிட்டால் தண்ணீரை மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஒரு அடித் துண்டு 30 வெள்ளி. தாத்தா துளையை 10.1-க்குக் கடைந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. புஷ்ஷைக் கையில் வைத்துப் பின்னைச் செருகிப் பார்த்தோம். பின்னின் எடையிலேயே மெதுவாக, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. "இப்படித்தான் எறங்கணும். விழக்கூடாது, நிக்கவும் கூடாது" என்றார். கூலி கேட்டதற்கு ஒரு கிலோ இறால் என்றார்.

மாட்டும்போது பின்னில் கடல் உபயோக கிரீஸை மெல்லியதாகப் பூசினேன், ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொள்ளாமல் இருக்க. நாசிலின் பக்கத்தில் இருக்கும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது, அதையும் மாற்றினேன். அது கரைய வேண்டிய சாமான். அது கரையாவிட்டால் நாசில் கரையும். பெயின்ட் அடிக்கிறவர்கள் சிலர் அழகுக்காக அதன் மேலும் அடித்துவிடுகிறார்கள், அப்புறம் அது அங்கே இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

அடுத்தது நடுவை நேர் செய்வது. வீலை ஒரு கோடிக்குத் திருப்பி, அங்கிருந்து மறு கோடி வரை எண்ணி, சரிபாதியில் நிறுத்தி டேப் வைத்துக் கட்டினேன். நாசிலின் வாய்க்கு இரண்டு பக்கமும் பின்பலகையிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். வலப்பக்கம் 6 மில்லி அதிகம். பால் ஜாயின்ட்டைக் கேபிள் தண்டின் இழையில் சுற்றுச் சுற்றாக உள்ளே ஓட்டி இரண்டையும் சமமாக்கினேன். இழை போதுமான அளவு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லாக் நட்டை இறுக்க வேண்டும், நுனியில் நாலு இழையில் தொங்கவிட்டால் அது ஆற்றில் கழலும். கடைசியாக இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். நாசில் அதன் தடுப்பில்தான் முட்டி நிற்க வேண்டும், கேபிள் முட்டக்கூடாது.

கேபிளையும் சும்மா விட்டுவிடவில்லை. பால் ஜாயின்ட்டைக் கழற்றியிருந்தபோதே தனியாகச் சோதித்தேன். உறையில் வெடிப்பு உண்டா என்று முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்தேன். நுனியில் துருக் கறை கசிகிறதா, தண்டை விரலால் தள்ளினால் எங்காவது சிக்குகிறதா என்றும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எதிலாவது ஒன்று இருந்திருந்தால் மறுபேச்சு இல்லாமல் 780 வெள்ளியைக் கொடுத்திருப்பேன். வெடித்த உறைக்குள் தண்ணீர் போய்விட்டால் உள்ளே துருவேறிப் பிடித்துக்கொள்ளும். அது ஒரு நாள் நடு ஆற்றில் இறுகி நிற்கும். அதை ஒட்டுப்போட்டு ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

சனிக்கிழமை காலையில் துறைக்கு எதிர்க் கோப்பிக் கடையில் பசியாறிவிட்டு இறக்கினோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். முதலில் எஞ்சினை அணைத்தபடியே வீலை இரண்டு கோடிக்கும் ஆட்டினேன். பிறகு கரையோரமாக மெதுவாக. டேப் இன்னும் வீலில்தான் ஒட்டியிருந்தது. மிச்ச ஆட்டம் 2 சென்டிமீட்டர், ஒரு விரல் அகலம். அது பல்சக்கரப் பெட்டியிலும் கேபிளுக்குள்ளும் இருப்பது. பெட்டி மூடி சீல் செய்தது, இறுக்குவதற்கு அதில் திருகு எதுவும் இல்லை, நான் அதைத் தொடப் போவதில்லை. மெதுவாகப் போனால் படகு இன்னும் கொஞ்சம் அலைகிறது. அது ஜெட்டின் குணம், அதோடு வாழ வேண்டியதுதான். ஆனால் இப்போது வீலைத் தொட்டதும் முன்மூக்கு பதில் சொல்கிறது. சபாக் போகும் பக்கமாக நீளமான நேர்வழியில் திராட்டிலைத் திறந்தோம். முன்பு ஓயாமல் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், தோள் வலிக்கும். மச்சான் ஒரு கையால் வீலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பீஸ்கட் தின்றான். அதற்குத் திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

செலவு என்று பார்த்தால் போல்ட் நட்டு வாஷர் 9 வெள்ளி, பால் ஜாயின்ட் 45, டெல்ரின் 30, துத்தநாகக் கட்டி 38, தாத்தாவுக்கு ஒரு கிலோ இறால். இறாலைக் கடையில் வாங்கினால்தான் விலை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒன்றேகால் கிலோ கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தபோது மச்சான் குழாயை நிறுத்தச் சொன்னான். படகைப் பின்னுக்கு ஓட்டும் ரிவர்ஸ் பக்கெட்டின் கேபிள் கிளாம்பைக் காட்டினான். 8 மில்லி துளை, 6 மில்லி போல்ட். அதிலும் துரு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை தயார்.